உடைந்த முட்டையும் ஒற்றைக் குரலும்: சிபெலியசின் 'லுவொன்னொத்தர்' பாடலும் அதன் இசைத்தட்டுகளும்

வாய்மொழிப் பாடல் ஏட்டில் ஏறும்போது மாறுகிறது. ஏட்டிலிருந்து இசைமேடைக்கு வரும்போது மறுபடியும் மாறுகிறது. மேடையிலிருந்து இசைத்தட்டில் பதியும்போது மூன்றாம் முறையாக வேறொரு வடிவம் கொள்கிறது. இம்மாற்றங்களில் எது இழப்பு, எது ஆக்கம் என்பது கவிதையில் ஈடுபட்டோர் எல்லோரையும் தொடும் வினாவாகும். இவ்வினாவை ஆராய்வதற்குப் பின்லாந்து நாட்டு இசைமேதை ஜான் சிபெலியஸ் 1913ஆம் ஆண்டில் இயற்றிய 'லுவொன்னொத்தர்' என்னும் பாடல் மிகவும் ஏற்றது. பெண்குரல் ஒன்றுக்கும் முழு இசைக்குழுவுக்கும் எழுதப்பெற்ற இப்படைப்பு ஒன்பது அல்லது பத்து நிமிடங்களில் பாடி முடிவது. ஆயினும் அதன் பின்னே பல நூற்றாண்டு வாய்மொழி மரபும், ஒரு தொகுப்பாசிரியரின் துணிவும், ஓர் இசைவாணியின் விடாமுயற்சியும், தலைமுறை தலைமுறையாக வந்த பாடகியரின் உழைப்பும் இருக்கின்றன.

பாடலின் பொருள் உலகத் தோற்றம். வெட்டவெளியில் தனித்திருந்த கன்னி ஒருத்தி கடலில் இறங்குகிறாள். எழுநூறு ஆண்டுகள் அலைகள் அவளை அலைக்கழிக்கின்றன. கூடு கட்ட இடம் தேடிப் பறந்துவந்த பறவைக்கு அவள் தன் முழங்காலை நீருக்கு மேல் உயர்த்தித் தருகிறாள். கூடு உருண்டு நீரில் விழ, முட்டைகள் உடைகின்றன. உடைந்த சில்லுகளே வானும் மதியும் விண்மீன்களும் ஆகின்றன. முட்டைக்கும் பேருலகுக்கும் 'அண்டம்' என்னும் ஒரே சொல்லை வழங்கிவரும் தமிழர்க்கு இக்கதை அயலதாகத் தோன்ற இடமில்லை.

வாய்மொழியில் இருந்தது

பின்லாந்து மொழியில் 'லுவொன்தோ' என்பது இயற்கை. அச்சொல்லோடு மகள் என்னும் பொருளுடைய பெண்பால் விகுதி சேர்ந்து 'லுவொன்னொத்தர்' ஆயிற்று. இயற்கையின் மகள் என்று கொள்ளலாம். இப்பெயர் பலரறியப் பரவியது 'கலேவலா' என்னும் காவியத்தின் வாயிலாக ஆகும்.

கலேவலாவைத் தொகுத்தவர் எலியாஸ் லொண்ரொத். 1802இல் பிறந்த இவர் தொழிலால் மருத்துவர். கயானி என்னும் சிற்றூரில் பணியாற்றிக்கொண்டே கரேலியாப் பகுதியின் சிற்றூர்களுக்குப் பலமுறை பயணம் செய்து, பாணர் வாயில் வழங்கிய பாடல்களை எழுதிக்கொண்டார். 1834ஆம் ஆண்டில் லத்வயார்வி என்னும் ஊரில் அர்ஹிப்பா பெர்த்துனன் என்னும் முதிய பாடகரைக் கண்டார். மூன்று நாள்களில் அம்முதியவர் நாலாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட பாடல்களைப் பாட, லொண்ரொத் எழுதிக்கொண்டார் என்பது பின்லாந்து இலக்கிய வரலாற்றில் பெரிதும் போற்றப்படும் நிகழ்ச்சியாகும். 1835இல் கலேவலாவின் முதற்பதிப்பு வெளிவந்தது. பின்னர்ச் சேர்ந்த பாடல்களையும் கொண்டு 1849இல் விரிவான பதிப்பு வெளியாயிற்று. ஐம்பது பாடல்கள், 22,795 அடிகள் கொண்ட அப்பதிப்பே இன்று கலேவலா என வழங்குவது.

இப்பாடல்களின் யாப்பு தமிழ்க் கவிஞர்க்குச் சுவை தரக்கூடியது. அடிதோறும் எட்டு அசைகள். அவை இரண்டிரண்டாய் இணைந்து நான்கு சீர்களாய் அமைவதால், நாற்சீரடிக்குப் பழகிய செவிக்கு அவ்வோட்டம் பிடிபடும். அம்மொழியில் ஒவ்வொரு சொல்லின் முதலசைக்கும் அழுத்தம் உண்டு. ஆகவே மோனை தானாகவே சிறக்கிறது. இறுதி இயைபு கட்டாயமன்று. ஓரடி சொன்னதை அடுத்த அடி வேறு சொற்களால் மீண்டும் சொல்லும் இணைநடை இப்பாடல்களின் உயிர்நிலை. குறில் நெடில் வேறுபாடும், ஒற்று இரட்டித்தலால் பொருள் வேறுபடுதலும் அம்மொழியிலும் உண்டு. இவ்வளவும் பாடுவதற்கென்றே பிறந்த பாட்டின் இலக்கணம். ஏட்டில் படிப்பவர் இதில் பாதியையே பெறுவர்.

ஆண்மகன் இருந்த இடம்

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1835ஆம் ஆண்டுப் பதிப்பில் கடலில் மிதந்தவர் கன்னியல்லர். காவியத்தின் தலைவனும் முதுபாணனுமாகிய வைனாமொயினனே கடலில் வீழ்ந்து மிதக்கிறான். பறவை கூடு கட்டுவதும் அவன் முழங்காலின் மேல்தான். கரேலியப் பாணர்கள் பாடிவந்த பாடல்களிலும் பெரும்பாலும் அவனே இருந்தான். பின்லாந்து வளைகுடாவை ஒட்டிய இங்கிரியாப் பகுதியில் வழங்கிய வடிவங்களிலோ முழங்காலே இல்லை. இடமின்றி அலையும் பறவையும் அதன் முட்டைகளுமே அங்கே கதை.

1849ஆம் ஆண்டுப் பதிப்பில் லொண்ரொத் இதனை மாற்றினார். வைனாமொயினனைப் பெற்ற தாயாக, வான்வெளியின் மகளாகிய ஒரு கன்னியைக் காவியத்தின் முதற்பாடலில் அமைத்தார். இல்மத்தர் என்றும் லுவொன்னொத்தர் என்றும் அவளுக்குப் பெயர்கள். மகனுக்குரிய முழங்கால் தாய்க்கு உரியதாயிற்று. உலகத்தைத் தோற்றுவித்தவள் பெண் என்னும் நிலை இவ்வாறே கலேவலாவில் ஏற்பட்டது. அவளுடைய பெயரும் பண்பும் மரபிலிருந்து வந்தவையே. ஆனால் இவ்விடத்தில் அவளை நிறுத்தியது தொகுப்பாசிரியரின் எழுதுகோல்.

வாய்மொழி மரபைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அதனைத் திருத்தியது முறையா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. பாணர்கள் ஒவ்வொருவரும் தாம் கேட்ட பாட்டைத் தமக்கேற்ப மாற்றியே பாடினர். லொண்ரொத்தும் தம்மை அப்பாணர் வரிசையில் ஒருவராகவே கருதினார். அவர் பாணர் செய்யாததைச் செய்தது ஒன்றே: மாற்றியதை அச்சிட்டார். பாணனின் மாற்றம் அடுத்த பாணன் வாயில் மறுபடி மாறும். அச்சின் மாற்றமோ நிலைத்துவிடும். சிபெலியசின் கைக்கு வந்தது இவ்வாறு நிலைத்துவிட்ட வடிவமே. 1835ஆம் ஆண்டுக் கதையே நிலைத்திருக்குமாயின், பெண்குரலுக்கென்று இப்பாடல் பிறந்திருக்காது.

ஆக்டேயும் சிபெலியசும்

சிபெலியஸ் 1865ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஹமென்லின்னா என்னும் ஊரில் பிறந்தார். வீட்டில் பேசியது சுவீடிய மொழி. பள்ளியில் கற்றதே பின்லாந்து மொழி. அந்நாளில் பின்லாந்து உருசியப் பேரரசின் கீழ் இருந்தது. கற்றோரிடையே சுவீடிய மொழியே ஓங்கியிருந்தது. நாட்டு மக்களின் மொழிக்கு மதிப்புத் தேடித்தந்த நூல் கலேவலா. இளமையில் சிபெலியசை அது ஆட்கொண்டதில் வியப்பில்லை. 1891இல் போர்வோ நகரில் தங்கியிருந்த லாரின் பராஸ்கே என்னும் இங்கிரியப் பாடகியைக் கண்டு அவர் பாடுவதைக் கேட்டார். அடுத்த ஆண்டிலேயே கலேவலாக் கதையைக் கொண்ட 'குல்லெர்வோ' அரங்கேறியது. 1896இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் இசை கலையிசையின் மேல் கொண்ட செல்வாக்கைப் பற்றி உரையாற்றினார். ஆக, வாய்மொழி மரபை ஏட்டின் வழியாக மட்டுமன்றிச் செவியின் வழியாகவும் அறிந்தவர் அவர்.

லுவொன்னொத்தரின் கதை நெடுங்காலம் அவர் உள்ளத்தில் இருந்தது. 1906இல் வெளிவந்த 'பொஹ்யொலாவின் மகள்' என்னும் இசைக்காவியத்துக்கு, அதன் உருவாக்கத்தின் ஒரு கட்டத்தில், லுவொன்னொத்தர் என்றே பெயர் வைத்திருந்தார். பின்னர் அவ்விசை வேறு கதைக்குரியதாயிற்று. பெயர் காத்திருந்தது.

இப்பாடலைத் தோன்றச் செய்தவர் ஐனோ ஆக்டே என்னும் பாடகி. 1876இல் பிறந்த இவர் 1897இல் பாரிஸ் ஆப்பெராவில் அரங்கேறிப் புகழ்பெற்றார். 1910ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'சலோமே' முதன்முதலாக நிகழ்த்தப்பட்டபோது தலைவியாகப் பாடியவர் இவரே. அதே காலத்தில், தம்முடைய ஜெர்மன் பயணத்தில் பாடுவதற்குப் புதிய பாடல் ஒன்று எழுதித் தருமாறு சிபெலியசைக் கேட்டிருந்தார். எட்கர் ஆலன் போவின் 'அண்டங்காக்கை' கவிதையைக் கொண்டு அவரும் எழுதத் தொடங்கினார். ஆனால் பாட்டு உருப்பெறவில்லை. 1910 டிசம்பரில் தம்மால் இயலாதென்று விலகிக்கொண்டார். விளம்பரமான பயணம் குலைந்தது. ஆக்டே கடுஞ்சினம் கொண்டார். அப்பாடலுக்கென எழுதிய இசைப்பகுதி 1911இல் வெளிவந்த நான்காம் சிம்பொனியில் இடம்பெற்றது.

பிணக்கு நீடிக்கவில்லை. 1913இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் நடைபெறவிருந்த மும்மன்ற இசைவிழாவில் ஆக்டே பாடுவதாயிற்று. குளோஸ்டர், ஹெரிபோர்டு, உஸ்டர் ஆகிய மூன்று பேராலய நகரங்களில் ஆண்டுக்கு ஒன்றாக மாறிமாறி நடக்கும் பழமையான விழா அது. இம்முறை சிபெலியஸ் வாக்குத் தவறவில்லை. யார்வென்பாவில் உள்ள தம் இல்லத்தில் அவ்வாண்டுக் கோடையில் பாடலை முடித்து அனுப்பினார். ஆக்டேக்கே அதனை உரிமையும் ஆக்கினார். 1913 செப்டம்பர் 10ஆம் நாள், ஹெர்பர்ட் புரூவர் இசைக்குழுவை நடத்த, ஆக்டே அதனை முதன்முதலாகப் பாடினார். பின்லாந்துக் காவியத்தின் முதற்பாடல் இசையாகப் பிறந்தது ஆங்கில நாட்டுச் சிறுநகர் ஒன்றில். தாய்நாட்டில் அது ஒலித்தது அடுத்த ஆண்டு ஜனவரியில்தான். கூடு கட்ட இடம் தேடி எல்லாத் திசைகளிலும் பறந்த பறவையின் பாட்டுக்கு இது பொருந்தாத ஊழ் அன்று.

சிபெலியஸ் நீக்கியவை

லொண்ரொத் ஒன்றைச் சேர்த்தார் என்றால், சிபெலியஸ் பலவற்றை நீக்கினார். கலேவலாவின் முதற்பாடலில் காற்றும் கடலும் கன்னியைக் கருவுறச் செய்கின்றன. நீண்ட சூல் வேதனையும் அதில் உண்டு. சிபெலியஸ் அப்பகுதியை எடுத்துக்கொள்ளவில்லை. காவியத்தில் முட்டைகள் ஏழு. ஆறு பொன், ஒன்று இரும்பு. பாடலில் எண்ணும் இல்லை, பொன்னும் இரும்பும் இல்லை. காவியத்தில் முட்டையின் கீழ்ப்பாதி நிலமாகிறது, மேற்பாதி வானமாகிறது, மஞ்சட்கரு கதிரவனாகிறது, வெண்கரு மதியாகிறது, புள்ளியுடைய சில்லுகள் விண்மீன்களாகின்றன, கருநிறச் சில்லுகள் முகில்களாகின்றன. சிபெலியசின் பாடலில் வானும் மதியும் விண்மீன்களும் மட்டுமே தோன்றுகின்றன. நிலம் இல்லை. கதிரவன் இல்லை.

உலகத் தோற்றப் பாடலில் நிலமும் கதிரவனும் விடுபட்டன என்பது சிறிய செய்தியன்று. காவியம் தொடர்ந்து ஓட வேண்டியது. அடுத்து வரும் நாற்பத்தொன்பது பாடல்களில் மாந்தர் நிற்க நிலம் வேண்டும். உழவுக்குக் கதிரவன் வேண்டும். பாடலுக்கோ அத்தேவை இல்லை. அது இருளில் முதன்முதலாக விண்மீன் தெரியும் கணத்தில் நின்றுவிடலாம். அவ்வாறே நிற்கிறது. படைப்பின் வெற்றி முழக்கம் இல்லை. இரவு வானத்தின் கீழ் ஒரு குரல் மட்டும் எஞ்சுகிறது. காவியத்திலிருந்து தனிப்பாடலை வெட்டியெடுக்கும் கலை இதுதான். எதைச் சேர்ப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது கவித்துவம்.

இசையின் அமைப்பு

பாடல் நரம்பிசைக் கருவிகளின் விரைந்த முணுமுணுப்போடு தொடங்குகிறது. நீரா, காற்றா என்று பிரித்தறிய இயலாத ஒலி. அதன்மேல் குரல் கதை சொல்லத் தொடங்குகிறது. பாணன் கதை சொல்வது போன்ற நிதானமான நடை அது. காற்று வலுத்து அலை எழும்போது இசையும் எழுகிறது. பின் அனைத்தும் அடங்கி, கன்னியின் புலம்பல் வருகிறது. வான்வெளியிலேயே இருந்திருக்கலாமே என்று இரங்கி, ஊக்கோ என்னும் முழுமுதற் கடவுளை அவள் அழைக்கிறாள். மறுபடியும் முணுமுணுப்பு. பறவை வருகிறது. இடமில்லை என்னும் மறுப்புச் சொல்லை மும்முறை கூவியபின், காற்றில் கட்டினால் காற்று சாய்க்கும், அலையில் கட்டினால் அலை கொண்டுபோகும் என்று அது இரங்குகிறது.

இங்கே சிபெலியஸ் செய்தது நுட்பமானது. கன்னி புலம்பிய இசையின் சாயலிலேயே பறவையும் புலம்புகிறது. சொற்களில் இருவரும் வேறானவர், இசையில் ஒருவரே. இடமற்றவள் இடமற்ற பறவையைக் கண்டு முழங்காலை உயர்த்துகிறாள். இவ்விரக்கத்துக்குக் காரணம் என்ன என்று கலேவலா விளக்கவில்லை. இசை விளக்கிவிடுகிறது. கலேவலா யாப்பின் இணைநடையில் இரண்டாம் அடி முதலடியின் பொருளை வேறு சொல்லால் சொல்லும் என்று மேலே கூறப்பட்டது. சிபெலியஸ் அவ்விணைநடையைப் பாடலின் முழு அமைப்புக்கே உரியதாக்கினார். கன்னியின் துயர் முதலடி. பறவையின் துயர் இணையடி.

இசைக்குழுவில் இரண்டு யாழ்களும் இரு தொகுதி முரசங்களும் உண்டு. ஆயினும் குரலை மூடும் ஆரவாரம் அரிது. பாடகிக்கு இது நன்மை போலத் தோன்றினும் உண்மையில் அதுவே இடர். குரலுக்குத் தோள்கொடுக்கக் கருவிகள் குறைவு. ஏறத்தாழ இரண்டு ஸ்தாயி அளவு குரல் ஏறி இறங்க வேண்டும். உச்சத்தில் உரத்துக் கூவியவள், சிறிது நேரத்தில், விண்மீன்கள் தோன்றும் இடத்தில் மூச்சளவே ஆன மென்குரலில் பாட வேண்டும். பத்து நிமிடப் பாட்டுக்கு இத்தகைய பாடகி ஒருவரை வரவழைத்து, பலரும் அறியாத மொழியில் பாடவைக்க, இசை மன்றங்கள் தயங்கியதில் வியப்பில்லை. மேடையில் அரிதாகிய இப்பாடலுக்கு இசைத்தட்டே கூடாக அமைந்தது.

இசைத்தட்டுகளில்

பாடலுக்கு உரியவரான ஆக்டே குரலில் இதன் பதிவு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வேறு பாடல்களை இசைத்தட்டில் பாடியதுண்டு. ஆனால் அக்காலப் பதிவுமுறையில் பாடகர் ஊதுகுழல் போன்ற கூம்பின் முன் நின்று பாடவேண்டும். முழு இசைக்குழுவின் மென்மையான ஓசையை அது பற்றிக்கொள்ளாது. 1925 அளவில் மின்வழிப் பதிவு வந்த பின்னரே இத்தகைய இசை பதியக்கூடியதாயிற்று. அப்போது ஆக்டேயின் மேடைக் காலம் முடிந்திருந்தது. 1944இல் அவர் மறைந்தார். அர்ஹிப்பா பெர்த்துனனின் குரல் எவ்வாறிருந்தது என்பதை ஏடு சொல்லாதது போலவே, இப்பாடலை முதலில் பாடிய குரலையும் தட்டு சொல்லவில்லை. முதற்குரல் இழக்கப்படுவது இப்பாட்டின் வரலாறு முழுவதும் தொடரும் நியதி போலும்.

முதற்பதிவு 1934இல் நிகழ்ந்தது. ஹெல்சிங்கி இசைக்குழு, கியோர்க் ஷ்னேவொய்க்ட் தலைமையில், பின்லாந்து தேசிய இசைக்குழு என்ற பெயரில் இலண்டனுக்கு வந்தபோது, ஹெல்மி லியுக்கொனன் பாடினார். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அக்காலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு அல்லது ஐந்து நிமிடமே கொள்ளும். ஆகவே இப்பாடலை நடுவில் நிறுத்தி மறுபக்கத்தில் தொடர வேண்டியிருந்தது. ஓட்டமே உயிரான பாட்டுக்கு அது பெரும் இடையூறு. எனினும், இசையமைத்தவர் வாழ்ந்த காலத்திலேயே, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் பாடிய ஒலி இதனால் எஞ்சியது.

1948இல் நெடுநேரத் தட்டு வந்தபின் இடைமுறிவு நீங்கியது. ஆயினும் 1957 செப்டம்பர் 20ஆம் நாள் சிபெலியஸ் மறைந்த பின்னரே இப்பாடல் தட்டுகளில் பெருகியது. 1965இல் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவுடன், லியனார்டு பெர்ன்ஸ்டைன் நடத்த, அமெரிக்கப் பாடகி பிலிஸ் கர்ட்டின் பாடினார். 1960களின் இறுதியில் அந்தால் டொராட்டி நடத்திய இலண்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் குவினெத் ஜோன்ஸ் பாடினார். வாக்னரின் இசைநாடகங்களில் பேர்பெற்ற வலிய குரல் அவருடையது. அக்குரலில் கன்னி புலம்புவது பணிந்த முறையீடாக அன்றி, வானத்தை நோக்கிய வழக்காடலாக ஒலிக்கிறது. 1970களில் போர்ன்மத் இசைக்குழுவுடன் பாவோ பெர்க்லுண்டு நடத்த தாரு வல்யாக்கா பாடியதும், ஸ்காட்டிஷ் நேஷனல் இசைக்குழுவுடன் அலெக்சாண்டர் கிப்சன் நடத்த பிலிஸ் பிரின்-ஜூல்சன் பாடியதும் குறிப்பிடத்தக்கவை. விளாதிமிர் அஷ்கெனாசியும் பில்ஹார்மோனியா இசைக்குழுவும் துணைநிற்க எலிசபெத் சோடர்ஸ்ட்ரோம் பாடிய பதிவில் சொல்லின் பொருளறிந்து பாடும் நடிப்புத் திறன் மேலோங்கியுள்ளது.

1980களின் நடுவில், யோர்மா பனுலா நடத்திய கோத்தென்பர்க் இசைக்குழுவுடன் மரி அன்னே ஹேக்கண்டர் பாடினார். சிபெலியஸ் இசைக்குழுவுடன் பாடுவதற்கென அமைத்த பாடல்களைத் தொகுத்தளித்த வெளியீட்டில் இது இடம்பெற்றது. அதுவரை சிம்பொனிகளுக்குத் துணையாக, தட்டில் மீந்த இடத்தை நிரப்பவே பலகாலம் பயன்பட்டுவந்த இப்பாடல், தன் உறவுகளோடு ஒரே இடத்தில் கேட்கக் கிடைத்தது. 1990களில் பாவோ யார்வி நடத்த சோல்வெய்க் கிரிங்கல்போர்னும், அடுத்த பத்தாண்டில் சக்காரி ஒராமோ நடத்த கரிதா மத்திலாவும் பாடினர். 2006இல் லெய்ஃப் செகர்ஸ்டாம் நடத்திய ஹெல்சிங்கி பில்ஹார்மோனிக் குழுவுடன் சொய்லே இசோகொஸ்கி பாடிய தட்டு வெளிவந்தது. 2021இல் எட்வர்டு கார்டனர் நடத்திய பெர்கன் இசைக்குழுவுடன் நார்வே நாட்டுப் பாடகி லிசே டேவிட்சன் பாடிய பதிவு வெளியாயிற்று.

இவற்றை ஒப்பிட்டுக் கேட்போர் மூன்று இடங்களில் செவியை நிறுத்தலாம். முதலாவது, தொடக்க அடிகள். அங்கே பாடகி கதை சொல்பவளா, கதைக்குரியவளா என்பது தெரிந்துவிடும். இரண்டாவது, பறவையின் மும்முறை மறுப்பு. வலிய குரலுடையார் அதனை இடியாக்குவர். இசோகொஸ்கி போன்றோர் அதனை உடைந்த மனத்தின் குரலாக்குவர். மூன்றாவது, இறுதியில் விண்மீன் தோன்றுமிடம். பெருங்குரலை உடையவர்க்கு இங்கே சோதனை. டேவிட்சனுடைய பதிவின் சிறப்பு, அத்துணைப் பெரிய குரல் அவ்விடத்தில் தன்னை அடக்கிக்கொள்வதுதான். மொழியைப் பொறுத்தவரை, தாய்மொழியாளர் பாடும்போது குறிலும் நெடிலும் இரட்டித்த ஒற்றும் தாளத்தின் பகுதியாகவே அமைந்துவிடுகின்றன. பிறமொழியாளர் அவற்றைக் கற்றுப் பாடுகின்றனர். கற்றுப் பாடுவதில் ஓர் அயன்மை இருக்கும். ஆனால் எங்கும் இடம்காணாது அலைந்தவளின் பாட்டில் சிறிது அயன்மை கலந்து ஒலிப்பது குற்றமாகாது.

முதற்குரல் இழக்கப்பட்டதால் ஒரு நன்மையும் விளைந்தது. இதுதான் சரியான வடிவம் என்று காட்டி மற்றவற்றைத் தள்ள எந்தத் தட்டுக்கும் உரிமையில்லாமல் போயிற்று. ஒரே இசைக்குறிப்பு, குரல்தோறும் வேறொரு லுவொன்னொத்தர். லொண்ரொத்தின் அச்சு நிலைநிறுத்திய கதையை இத்தட்டுகள் மறுபடியும் பாணர் மரபுக்கே திருப்பிவிட்டன எனலாம். ஊர்தோறும் வேறாகப் பாடப்பட்ட பாடல் மீண்டும் குரல்தோறும் வேறாயிற்று.

தமிழில் கலேவலா

இக்காவியம் தமிழுக்கு வந்த வரலாறும் நினைவுகூரத்தக்கது. இலங்கைத் தமிழ் எழுத்தாளரும் பின்லாந்தில் குடியேறியவருமான உதயணன் என்னும் இரா. சிவலிங்கம், கலேவலா முழுவதையும் அம்மொழியிலிருந்தே நேராகத் தமிழாக்கினார். சிந்துவெளி எழுத்தாய்வால் தமிழுலகு அறிந்த பேராசிரியர் அஸ்கோ பர்ப்போலாவின் முன்னுரையுடன் 1994இல் அந்நூல் வெளிவந்தது. ஆகவே கடலில் மிதந்த கன்னியின் கதையைத் தமிழர் ஆங்கிலத்தின் துணையின்றித் தம் மொழியிலேயே படிக்கலாம். படித்தபின் இப்பாடலைக் கேட்போர்க்குச் சிபெலியஸ் எதை வைத்தார், எதை நீக்கினார் என்பது தெளிவாக விளங்கும். காவியத்தின் நிலமும் கதிரவனும் ஏட்டில் இருக்கும். பாடலின் இருளும் விண்மீனும் செவியில் இருக்கும்.

முட்டை உடையாமல் கூட்டிலேயே இருந்திருந்தால் ஒரு பறவைக் குஞ்சு பிறந்திருக்கும். உடைந்ததால் வானம் பிறந்தது. வாய்மொழியிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து தட்டுக்கும் வந்த வழியில் இப்பாட்டு ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றை இழந்தது. பாணனின் குரல் போயிற்று. வைனாமொயினன் போனான். பொன்முட்டையும் கதிரவனும் போயின. ஆக்டேயின் குரலும் போயிற்று. இழந்தவற்றை எண்ணி மரபு அழிந்தது என்று இரங்குவோர் உண்டு. அவ்விரக்கம் பொய்யன்று. ஆனால் இழந்த ஒவ்வோரிடத்திலும் புதிதாக ஒன்று பிறந்திருக்கிறது என்பதையும் இப்பாடலின் வரலாறு காட்டுகிறது. அவ்வாறு பிறந்ததைப் பேணுவதும், போனவற்றின் பெயர்களை மறவாதிருப்பதும் கவிதையைப் போற்றுவோரின் கடனாகும்.